முள்ளைப் பார்த்து ராடை எடுங்கள்

எங்கள் அபார்ட்மென்டுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. அதில் நாலு பாக்கெட் ரப்பர் புழு, இரண்டு டப்பா முள், ஒரு கைப்பிடி டங்ஸ்டன் குண்டு. "அண்ணா, பாஸ் மீனுக்குப் புழுவெல்லாம் வாங்கிட்டேன். ராடு மட்டும் பாக்கி. ஸ்பின்னிங் வாங்கறதா, பெய்ட்காஸ்டர் வாங்கறதா? வீடியோவுல ஒருத்தன் இதுங்கறான், இன்னொருத்தன் அதுங்கறான்" என்றார். பாஸ் என்பது இங்கே ஏரிகளில் கிடைக்கும் மீன். ராடு என்றால் தூண்டில் கழி; ஸ்பின்னிங், பெய்ட்காஸ்டர் இரண்டும் அதில் மாட்டும் ரீலின், அதாவது நரம்பு சுற்றும் கருவியின் வகைகள்.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் முள் டப்பா இரண்டையும் வாங்கி மேசையில் கவிழ்த்தேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது கும்பகோணம் பக்கம். அரசலாற்றில் மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு என்று தூண்டில் போட்டவன். ரீல் என்ற ஒன்றை நான் தொட்டதே டெக்சஸ் வந்த பிறகுதான். டல்லாஸ் பக்கத்தில் இர்விங்கில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் லூயிஸ்வில் ஏரியிலோ கிரேப்வைன் ஏரியிலோ கரையில் நிற்பேன். மாதம் ஒரு முறை லேக் ஃபோர்க் போவேன். இது தொழில் இல்லை, போட்டிக்கும் போவதில்லை. தப்புகளை எல்லாம் சொந்தச் செலவில் செய்தவன் என்பதுதான் என் தகுதி.

சரி, மேசைக்கு வருவோம். தம்பி வாங்கியிருந்த முள்களை மெலிந்ததிலிருந்து தடித்தது வரை வரிசையாக அடுக்கினேன். ஒரு கோடியில் டிராப் ஷாட்டுக்கான, அதாவது குண்டை அடியிலும் முள்ளை அதற்கு மேலேயும் கட்டுவதற்கான 1-ஆம் நம்பர் முள். பித்தான் தைக்கும் ஊசிபோல இருக்கும். அடுத்து வேக்கி ரிக்குக்கான, அதாவது புழுவை நடுவில் குத்திப் போடும் கட்டுக்கான 1/0. நடுவில் 3/0 அகல வளைவு முள், அதாவது டெக்சஸ் ரிக்கில் எல்லோரும் போடுவது. அதற்கப்புறம் 4/0. மறு கோடியில் செடிக்குள் கிட்டத்திலிருந்து இறக்குவதற்கான 5/0 ஃபிளிப்பிங் முள். அதைப் பார்த்தால் சைக்கிள் ஸ்போக் கம்பி ஞாபகம் வரும்.

"இந்த ஊசியை மீன் வாய்க்குள் ஏற்ற எவ்வளவு பலம் வேண்டும்? இந்த ஸ்போக் கம்பியை ஏற்ற எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டேன். அங்கேயே அவருக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

மெல்லிய முள் கூராக இருந்தால் லேசாக இழுத்தாலே இறங்கிவிடும். அதை முரட்டு ராடில் கட்டி ஓங்கி இழுத்தால் முள் வாயைத் திறந்துகொண்டு நேராகிவிடும், இல்லை மீனின் உதட்டைக் கிழித்துக்கொண்டு வரும். தடித்த முள்ளுக்கு இது நேர்மாறு. அதன் எதிர்முள் வரை எலும்பான தாடைக்குள் போய்ச்சேர வேண்டும். டெக்சஸ் ரிக்கில் முள்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்து வைத்திருப்போம், செடியில் மாட்டாமல் இருப்பதற்காக. அப்படியானால் முதலில் ரப்பரைக் கிழிக்க வேண்டும், பிறகு தாடையைக் குத்த வேண்டும். இதற்கு விறைப்பான ராடு வேண்டும். விறைப்பான ராடில் ஓங்கி இழுத்தால் 6 பவுண்டு இழுப்பு தாங்கும் நரம்பு பட்டென்று அறுந்துவிடும், அதனால் தடித்த நரம்பு வேண்டும். தடித்த நரம்பு ஸ்பின்னிங் ரீலில் சுருள் சுருளாக எழுந்து நிற்கும், காஸ்டிங் ரீலில், அதாவது பெய்ட்காஸ்டரில் அடங்கி உட்காரும்.

ஆக வரிசை இதுதான்: முள், அதற்கேற்ற நரம்பு, நரம்புக்கேற்ற ராடு, கடைசியில் ரீல். கடையில் போய் நாம் செய்வது தலைகீழ். பளபளவென்று இருக்கும் ரீலை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு ராடு, அதற்கு நரம்பு என்று இறங்கி வருவோம். முள் கடைசியில் ஏதோ ஒன்று.

இரண்டு ரீலும் எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ளக் காற்றாடி விட்ட அனுபவம் போதும். நூல்கண்டைத் தரையில் நிறுத்தி வைத்து மேல்வாக்கில் நூலை இழுத்தால் கண்டு அசையாது, நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று வரும். அது ஸ்பின்னிங். அதே கண்டுக்குள் ஒரு குச்சியைச் செருகி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால், காற்றாடி இழுக்க இழுக்கக் கண்டு கிறுகிறுவென்று உருளும். அது காஸ்டிங், இங்கே எல்லோரும் சொல்கிற பெய்ட்காஸ்டர்.

அசையாத கண்டிலிருந்து நூல் எடுக்கப் பெரிய பலம் வேண்டாம். அதனால்தான் 1/16 அவுன்ஸ், அதாவது 2 கிராம்கூட வராத ஒரு குண்டையும் ஸ்பின்னிங்கில் தூரமாக வீச முடிகிறது. உருளும் கண்டை முதலில் உருட்டிவிட எடை வேண்டும். உருண்ட பிறகு நிறுத்தவும் ஆள் வேண்டும். காற்றாடி அறுந்து போனதும் கண்டு கையில் தானாகச் சுற்றி நூலெல்லாம் பொதபொதவென்று வெளியே வருமே, அதேதான் பெய்ட்காஸ்டரின் தொல்லையும். இரை காற்றில் வேகம் குறையும், ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றிய கண்டு வேகம் குறையாது. வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அமெரிக்கர்கள் இதைப் பறவைக்கூடு என்பார்கள். தூக்கணாங்குருவி கட்டும் அழகான கூடு என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான காக்காக்கூடு.

ஒரு பக்க விஷயம். அமெரிக்காவில் குண்டு எடை எல்லாம் அவுன்ஸில் பின்னமாகத்தான் இருக்கும்: 1/16, 1/8, 3/16, 1/4, 3/8. கிராமில் பழகிய நமக்கு ஆரம்பத்தில் தலை சுற்றும். பிறகுதான் தாத்தா கடைக் கணக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. 1/16 மாகாணி, 1/8 அரைக்கால், 1/4 கால். 3/8 என்பது காலே அரைக்கால். டெக்சஸில் ஈயக்குண்டு டப்பாவின் முன்னால் நின்றுகொண்டு மாகாணி வாய்பாடு சொல்லும் ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிராமில் வேண்டுமானால் 1/8 என்பது மூன்றரை, 1/4 என்பது ஏழு, 3/8 என்பது பத்தரை.

இப்போது ஒவ்வொரு கட்டாகப் பார்க்கலாம்.

டிராப் ஷாட், வேக்கி, குண்டும் முள்ளும் ஒன்றாக வார்த்த நெட் ரிக், ஷேக்கி ஹெட்: இவை எல்லாமே மெல்லிய முள், சின்னப் புழு, 6 முதல் 10 பவுண்டு நரம்பு. யோசிக்கவே வேண்டாம், ஸ்பின்னிங். டிராப் ஷாட்டில் சிலர் தடுமாறுவார்கள். அடியில் தொங்கும் குண்டு 1/4 அல்லது 3/8 அவுன்ஸ் இருக்கும். எடையை மட்டும் பார்த்தால் காஸ்டிங்கில் தாராளமாக வீசலாம். ஆனால் முள்ளைப் பாருங்கள். அந்த ஊசி முள்ளைத் தடி ராடில் இழுத்தால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். குண்டின் எடை எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான் சொல்லும். மீன் கடித்த பிறகு நடப்பதை முள்தான் தீர்மானிக்கும்.

3/8 அவுன்ஸ் குண்டுடன் டெக்சஸ் ரிக், 4/0 முள், நாலு அங்குல நண்டு வடிவ ரப்பர்: காஸ்டிங். கரோலினா ரிக் என்று முன்னால் முக்கால் அவுன்ஸ் குண்டும் பின்னால் இரண்டு மூன்றடி லீடரும் (முனையில் சேர்க்கும் தனி நரம்பு) கட்டி இழுப்பது: காஸ்டிங், ராடும் கொஞ்சம் நீளமாக. மிதக்கும் பாசிப் படுகையைத் துளைத்து உள்ளே இறக்குவதற்கு 1 அவுன்ஸுக்கு மேல் டங்ஸ்டனும் 65 பவுண்டு பிரெய்டும் (பின்னல் நரம்பு) போடுவார்கள். அது காஸ்டிங்கிலும் கனமான வகை. கரையிலிருந்து வீசும் நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லை.

குழப்பமே நடுவில்தான். 1/8 முதல் 1/4 அவுன்ஸ் குண்டும் 3/0 முள்ளும் போட்ட சாதாரண டெக்சஸ் ரிக் இரண்டிலும் ஓடும். குண்டே போடாத ஐந்தங்குல சென்கோ புழுவும் அப்படித்தான். பார்க்க ஒரு பேனா மாதிரி இருக்கும், ஆனால் உப்பு கலந்து வார்த்திருப்பதால் புழு மட்டுமே ஏறக்குறைய 10 கிராம். குண்டில்லை என்பதற்காக ஸ்பின்னிங்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள், புழுவின் எடையும் கணக்கில் சேரும். சென்கோவை நடுவில் குத்தி வேக்கியாகப் போட்டால் நான் ஸ்பின்னிங் எடுப்பேன். அதே சென்கோவை 4/0 முள்ளில் செடிக்குள் போட்டால் காஸ்டிங். ஒரே புழு, ஆனால் முள் வேறு, இடம் வேறு.

இடம் என்றதும் லேக் ஃபோர்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். 1980-ல் நிரம்பத் தொடங்கிய ஏரி, சுமார் 27,000 ஏக்கர். 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு லார்ஜ்மவுத் பாஸ் பிடிபட்டு மாநில சாதனையாகப் பதிவானது இங்கேதான். தண்ணீர் நிரப்பும்போது மரங்களைப் பல இடங்களில் வெட்டாமலே விட்டுவிட்டார்கள். இன்றும் தண்ணீருக்கு மேலே பட்டுப்போன மரங்கள் எலும்புக்கூடாக நிற்கும். அடியில் அதைவிட அதிகம்.

அங்கே ஒரு படகுத்துறையில் இரண்டு ராடையும் வைத்துக்கொண்டு நின்ற ஒரு காலையை மறக்க மாட்டேன். ஏப்ரல் மாதம், காற்று அதிகமில்லை. துறையின் மரப்பலகைக்குக் கீழே, தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. அந்த நிழலுக்குள்தான் மீன் நிற்கும். ஸ்பின்னிங்கில் வேக்கிப் புழுவைப் பக்கவாட்டில் தாழ்வாக வீசினேன். நாம் சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிவோமே, தவளை தாவுவதுபோலத் தத்தித் தத்திப் போகுமே, அதே மாதிரி புழு தண்ணீரில் மூன்று தத்து தத்தி நிழலுக்குள் போனது. பெய்ட்காஸ்டரில் இதைச் செய்யவே முடியாது என்றில்லை. செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை தண்ணீரில் மோதும்போதும் இரை வேகம் இழக்கும், ஸ்பூல் இழக்காது. நான் முயன்றால் மூன்றாவது தத்தில் காக்காக்கூடு.

நிழலுக்குள் போன புழு மெதுவாக இறங்கும். பத்து கிராம் புழு இரண்டு பக்கமும் வாலாட்டிக்கொண்டு இறங்கும்போது கையில் ஒன்றும் தெரியாது, நரம்பைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் மேல் தளர்வாகக் கிடக்கும் நரம்பு ஒவ்வொரு அங்குலமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நின்றுவிடும். ஆழம் ஆறடி என்று தெரியும், இன்னும் மூன்றடிகூடப் போகவில்லை. அதுதான் கடி. இழுப்பு இல்லை, தக்கை முங்குவதுபோல எந்த அறிவிப்பும் இல்லை. அன்றைக்கு நரம்பு நின்றது மட்டுமில்லாமல் இடப்பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. ரீலை வேகமாகச் சுற்றிக்கொண்டே ராடைப் பக்கவாட்டில் இழுத்தேன். ஓங்கி வெட்டி இழுக்கவில்லை. மெல்லிய முள் அதற்கே ஏறிவிட்டது. 17 அங்குலம். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். அளந்து, படம் எடுத்து, விட்டேன்.

அதே துறைக்கு ஐம்பது அடி தள்ளி ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. கிளைகளெல்லாம் தண்ணீருக்குள். அங்கே அதே ஸ்பின்னிங் ராடை நீட்டினால் மீன் கடிக்கும், ஆனால் வெளியே வராது. எட்டு பவுண்டு லீடரைக் கிளையில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும். அங்கே காஸ்டிங் ராடு, 3/8 அவுன்ஸ் டெக்சஸ் ரிக், 50 பவுண்டு பிரெய்டு. வீசுவதுகூட இல்லை. இடது கையில் புழுவைப் பிடித்து, ராடு நுனியை ஊஞ்சலாட்டி, கீழ்க்கையாகக் கிளைகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் இறக்குவது. ஸ்பூல் மேல் கட்டைவிரல் இருப்பதால் எந்த நொடியில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஒரு சாண் இடத்தில் போய் உட்காரும். ஊரில் தாமரைக் குளத்தில் விரால் பிடித்தவர்களுக்கு இந்த இடம் புரியும். செடிக்குள்ளிருந்து விராலைக் கெஞ்சிக் கூத்தாடியா வெளியே கொண்டுவந்தோம்? கடித்த வேகத்தில் தூக்கிக் கரையில் போட்டோம். அதே கதைதான்.

பெய்ட்காஸ்டர் பழகுவது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் நாள் ஏரிக்குப் போகாதீர்கள். புல்வெளிக்குப் போங்கள். முள் இல்லாத அரை அவுன்ஸ் பயிற்சிக் குண்டு ஒன்றைக் கட்டுங்கள். ரீலின் கைப்பிடிப் பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஸ்பூலின் இறுக்கத்துக்கு. குண்டை ராடு நுனியில் தொங்கவிட்டு, கட்டைவிரல் பொத்தானை அழுத்தி விடுவியுங்கள். குண்டு மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் சுற்றினால் திருகை இறுக்குங்கள். மறு பக்கத்தில் பிரேக் இருக்கும். பத்து எண் இருந்தால் எட்டில் வையுங்கள். பழகப் பழக ஒவ்வொரு எண்ணாகக் குறைக்கலாம். வேறு எடைக்கு மாறும்போதெல்லாம் திருகை மறுபடி சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல்தான் நிறையப் பேர் ரீலைத் திட்டுகிறார்கள்.

அப்புறம் ஒரு தந்திரம். உங்களால் வீச முடிந்த தூரத்தைவிடப் பத்தடி அதிகமாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அதன் மேல் நரம்பைச் சுற்றி வீசிப் பழகுங்கள். எவ்வளவு மோசமாகச் சிக்கினாலும் டேப்புக்குக் கீழே போகாது.

சிக்கிவிட்டதா? கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலைப் பலமாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று முன்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி நரம்பை மெதுவாக இழுங்கள். பாதிச் சிக்கு தானாகக் கழன்றுவிடும். மிச்சம் இருந்தால் திரும்பவும் அதையே செய்யுங்கள். எனக்கு முதல் நாளில் இது தெரியாது. லூயிஸ்வில் ஏரிக்கரையில் காரின் பின்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து, பல் குத்தும் குச்சியால் நாற்பது நிமிடம் சிக்கெடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மீன் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்க முடியாமல் வந்து, மேலே சொன்ன கட்டைவிரல் வித்தையை ஒரு நிமிடத்தில் செய்து காட்டிவிட்டுப் போனார்.

வீசும்போது கவனம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்: புழு தண்ணீரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கட்டைவிரல் ஸ்பூலை நிறுத்த வேண்டும். டெக்சஸில் வசந்த காலக் காற்று சும்மா இருக்காது. எதிர்க்காற்றில் லேசான இரையைப் பெய்ட்காஸ்டரில் வீசுவது வம்பை விலைக்கு வாங்குவது. அன்றைக்கு ஸ்பின்னிங்கை எடுங்கள்.

ஸ்பின்னிங் என்றால் தொல்லையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதன் நோய் முறுக்கு. வீசியதும் நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் வளையக் கம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடுங்கள். மூடியதும் நரம்பை ஒரு தடவை இழுத்து விறைப்பாக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் பாதி முடிச்சுகள் வராது. ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பக் கூடாது, 3 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். மீன் இழுத்து டிராக் (அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பாகம்) கிறீச்சிடும்போது பதற்றத்தில் சுற்றிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு சுற்றும் நரம்பில் முறுக்கு ஏற்றுகிறதே தவிர மீன் ஒரு அங்குலம்கூட வராது. டிராக் ஓடும்போது கையை நிறுத்துங்கள்.

என் ஸ்பின்னிங்கில் 10 பவுண்டு பிரெய்டு, அதன் முனையில் இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பு) லீடர். இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு. எஃப்ஜி முடிச்சு இன்னும் மெலிதாக இருக்கும், வளையங்களில் தட்டாமல் போகும். ஆனால் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது ஏரிக்கரையில் அதைப் போட எனக்குப் பொறுமை இல்லை. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் மொத்தக் கட்டும் வழுக்கிச் சுழலும், அடியில் கொஞ்சம் மோனோ நரம்பு (ஒற்றை இழை நைலான்) சுற்றிக்கொள்ளுங்கள். டிராக்கை நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு வைத்தால் போதும். காஸ்டிங்கில் தெளிந்த தண்ணீருக்கு 15 பவுண்டு ஃபுளோரோ, செடிக்கும் கிளைக்கும் 50 பவுண்டு பிரெய்டு.

இனி வாங்குவது. ராடு கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே சின்ன எழுத்தில் இரை எடையும் நரம்பு பலமும் அச்சடித்திருக்கும். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். ஸ்பின்னிங்குக்கு 7 அடி, மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப் பக்கம் மட்டும் வளைவது), 2500 அளவு ரீல். காஸ்டிங்குக்கு 7 அடி அல்லது 7 அடி 3 அங்குலம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். ரீல் கியர் 7:1 பக்கம், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று என்று இருக்கட்டும். ரப்பர் புழுவை நகர்த்துவது ராடுதான், ரீல் தளர்ந்த நரம்பைச் சேர்க்க மட்டுமே. அதை வேகமாகச் சேர்த்தால்தான் கடித்த உடனே வெட்டி இழுக்க முடியும்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஸ்பின்னிங் வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். ஸ்பின்னிங் ஆரம்பநிலைக்காரர்களுக்கு, பெய்ட்காஸ்டர் பெரியவர்களுக்கு என்று ஒரு பேச்சு உண்டு, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மலிவான ஸ்பின்னிங் ரீல் சுமாராக வேலை செய்யும். மலிவான பெய்ட்காஸ்டர் பழகும் ஆளை வெறுத்து ஓட வைத்துவிடும். மீடியம் ஸ்பின்னிங்கில் 3/0 முள் வரை சமாளிக்கலாம், மெல்லிய கம்பி முள்ளாகப் பார்த்து வாங்கினால் போதும். தம்பியிடம் 5/0 டப்பாவை மட்டும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அவர் வாங்கிய புழுவில் ஒரு பாக்கெட் மிதக்கும் வகை, இழுத்தால் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும் இசட்மேன் கம்பெனிப் புழு. அதை மற்றப் புழுக்களோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டும் உருகிக் கூழாகிவிடும். அதன் உறையிலேயே இருக்கட்டும். பிய்ந்த புழுவைத் தண்ணீரில் எறியாமல் குப்பைத் தொட்டியில் போடுங்கள். அப்புறம் 17 வயது ஆகிவிட்டால் டெக்சஸில் லைசென்ஸ் கட்டாயம். அது கைக்கு வரும் வரை மாநிலப் பூங்காக்களில் கரையிலிருந்து பிடிக்கலாம், அங்கே லைசென்ஸ் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று, இது என் சொந்தப் புண். ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் முடியாது, வாங்கும்போதே இடமா வலமா என்று முடிவாகிவிடும். எனக்கு இது தெரியாமல், தள்ளுபடியில் இருக்கிறதே என்று இணையத்தில் வலப்பக்கக் கைப்பிடி ரீலை வாங்கிவிட்டேன். ஸ்பின்னிங்கில் வலது கையால் வீசி இடது கையால் சுற்றிப் பழகியவன். புது ரீலில் ஒவ்வொரு முறை வீசியதும் ராடை இடது கைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றும் அந்த இரண்டு நொடிதான் புழு இறங்கும் நேரம். ரப்பர் புழுவில் பெரும்பாலான கடி அப்போதுதான் வரும். கை மாற்றி முடித்துப் பார்த்தால் நரம்பு ஏற்கெனவே பக்கவாட்டில் போய் நின்றிருக்கும், மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். ஒரு வசந்தம் முழுக்க இப்படியே போனது. வலப்பக்கம் சுற்றிப் பழகிய எத்தனையோ பேர் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நல்ல ரீல்தான். எனக்குத்தான் ஆகவில்லை.

அந்த ரீல் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. தம்பி கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு வலப்பக்கம்தான் வசதியாம். அடுத்த மாதச் சம்பளத்தில் அதற்கு ஒரு மீடியம் ஹெவி ராடு வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு ரீலை எடுத்துப் போயிருக்கிறார்.